பனி என்று சொன்ன பெண்

1

நாங்கள் மலையேறி வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. முடிந்த அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. விறகு ஈரமாக இருந்ததால் அடுப்பு புகைந்தது. ஆள் எண்ணுகிற பெரட்டு மணி வழக்கம்போல் அடித்தது. என் கணவர் காலுறை ஜோட்டில் ஒன்றைக் காணாமல் அரைமணி நேரம் தேடி, கடைசியில் அது காலிலேயே இருப்பதைக் கண்டார்.

அன்று மத்தியானம் ஊர்ச் சபையின் குருவானவர், நம் ஐயரவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சபையின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'அந்நியரை உபசரித்தல், ஒரு உபதேசியார் மனைவியின் அனுபவம்.' வாசிக்கிறவர்கள் பக்திவிருத்தி அடையும்படி எழுதக் கேட்டிருந்தார்கள்.

கடிதம் வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. திருவிதாங்கூரில் இரண்டு தபால் உண்டு. மகாராஜாவின் அஞ்சல் ஒன்று, இங்கிலீஷ்காரர் தபால் ஒன்று. இரண்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை குறைவு. அஞ்சல் பெட்டியில் போட்ட கடிதம் இந்த ராஜ்யத்துக்குள்ளேதான் சுற்றும். முதல் வருஷம் இது தெரியாமல் என் தாயாருக்கு நான் எழுதிய நான்கு கடிதங்களும் எல்லைச் சவுக்கையைத் தாண்டாமல் எங்கேயோ நின்றுவிட்டன. நான் செத்துப்போனதாக ஊரில் ஜெபக்கூட்டம்கூட நடந்ததாம். வந்திருந்தவர்களுக்கு இங்கிருந்தே என் நன்றி.

கட்டுரைக்கு வருகிறேன். அந்நியரை உபசரித்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்கு முந்திய சாயங்காலம் அதே அந்நியரைத் துரத்திய அனுபவமும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும். ஐயரவர்கள் அச்சில் போடாமல் விட்டாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

2

வண்டிப்பெரியாற்றிலிருந்து மேலே நாலு மைல் நடந்தால் எங்கள் எஸ்டேட். என் கணவர் யாக்கோபு அங்கே ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், மற்ற நாட்களில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே தகரக் கொட்டகைதான் கோயிலும் பள்ளிக்கூடமும். ஞாயிறு காலையில் கரும்பலகையைத் திருப்பிப் போட்டால் அது கோயில்.

கொட்டகையை ஒட்டினாற்போல அப்போது எங்கள் வீடு. வரிசையில் மொத்தம் மூன்று வீடுகள். முதலில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், அடுத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை, கடைசியாக நாங்கள். கீழே சரிவில் தொழிலாளிகளின் லயங்கள். எல்லாரும் நம் சீமைக்காரர்கள்தாம். திருநெல்வேலி, மதுரைப் பேச்சே காதில் விழும். அதனால் மலையாளம் படிக்க எங்களுக்கு அவசியம் வரவில்லை. அவசியம் வந்த நாளில் தெரியவில்லை.

ஆபீஸ் சுவரில் ஒரு பலகை தொங்கும். அனுமதியில்லாமல் வெளியாளை லயத்திலோ வீட்டிலோ தங்க வைக்கக் கூடாது. காய்ச்சல் உள்ள வெளியாளை எல்லைக்கு உள்ளேயே விடக் கூடாது. துரையின் கையெழுத்து. இதைக் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் வருவதற்கு முந்திய வருஷம் யாரோ ஒரு வழிப்போக்கன் லயத்தில் படுத்திருந்து வாந்திபேதியைக் கொடுத்துவிட்டுப் போனான். சாலமோன் கங்காணியின் மனைவி அதில்தான் இறந்தாள். அந்த வழிப்போக்கனுக்குக் கஞ்சி கொடுத்தவளும் அவள்தான்.

ஊரில் மட்டும் நாம் என்ன செய்தோம்? கோயிலுக்குப் பின்னால் வழிப்போக்கருக்கென்று ஓர் அறை கட்டினோம். அதில் அறுப்பின் பண்டிகைப் பெஞ்சுகளை அடுக்கினோம். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கமிட்டி கூடியது. நான் ஊரைவிட்டு வருகிற வரை கமிட்டி முடியவில்லை. இப்போது முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

3

மலைக்கு வந்த ஏழாம் மாதம், மார்கழி. அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அந்நியரை உபசரிப்பதைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணினார். வாசலில் வந்து நிற்கிற அந்நியனிடத்தில் ஆண்டவரே நிற்கிறார் என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அவர் கீழே ஆபீசுக்குப் போயிருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முற்றத்துச் செடி தெரியாத அளவுக்கு மூடுபனி. ஐந்து வயது மகள் கிரேஸுக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

வெளியே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வெள்ளை முண்டு, அதன் ஓரமெல்லாம் சேறு. தலையில் ஒரு துணியைப் போர்த்தியிருந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, எனிக்கு பனியா" என்றாள். பிறகு வேறு இரண்டு மூன்று வார்த்தை சொன்னாள்.

"ஆமாம்மா, பனிதான்" என்றேன். "இந்த மாசம் இப்பிடித்தான் கொட்டும். கண்ணு தெரியும்போதே கீழ எறங்கிருங்க. ரோட்டுல கடை இருக்கு."

அவள் மறுபடியும் "பனியா, அம்மே" என்றாள்.

"எங்க எல்லாருக்குந்தாம்மா பனி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கிரேஸ் கேட்டாள், "யாரும்மா அது?"

"வழி தப்பி வந்தவங்க. நீ சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். கணவர் வந்து அவரும் சாப்பிட்டார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

காலையில் பள்ளிக்கூடம் திறக்கப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எஸ்தர், கொட்டகைப் படியில ஒரு பொம்பள கிடக்கு. மூச்சு இருக்கு. உடம்பு அனலாக் கொதிக்கி."

போய்ப் பார்த்தேன். அதே முண்டு, அதே சேறு. முழங்காலை மடக்கி, பெஞ்சு துடைக்கிற சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். பல் கிட்டியிருந்தது.

அந்த நேரத்தில் அஞ்சல்காரர் நாணு சலங்கைக் கோலோடு மேலேறி வந்தார். கோட்டயம் பக்கத்து மனிதர். எங்கள் பேச்சும் அவருக்கு வரும். குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் உதட்டை அசைத்தாள்.

"பனின்னு பறையுது" என்றார்.

"அதத்தான் நேத்தும் சொன்னாவ. பனியில வந்து மாட்டிக்கிட்டாவ போல" என்றேன். நேற்றும் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

நாணு நிமிர்ந்தார். "நிங்கள்ட பனி இல்ல அம்மா. எங்க பாஷயில பனின்னா காய்ச்சல்."

ஐயரவர்களே, எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இரக்கம் அதற்குப் பல நாள் கழித்து, கஞ்சி ஊட்டி ஊட்டிப் பழகிய பிறகுதான் வந்தது. வெட்கப்பட்டவளுக்கு வேலை வேகமாக ஓடும். நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"பொறு, பொறு" என்றார் என் கணவர். "ஆபீசுல ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள கொண்டு போவோம். போர்டு போட்டிருக்கில்லா."

"நேத்துத்தான பிரசங்கம் பண்ணுனீங்க?"

"முந்தாநாள்" என்றார். எதையும் திருத்திச் சொல்வது அவருக்கு வழக்கம். ஆனால் சொல்லிக்கொண்டே அவள் காலைப் பிடித்துத் தூக்கினார். எங்கள் கட்டிலில் கிடத்தினோம்.

5

கம்பவுண்டர் ரிஜிஸ்டரோடு வந்தார். நல்ல மனிதர். முந்திய சாயங்காலம் அவள் முதலில் தட்டியது அவர் வீட்டைத்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் திறக்கவே இல்லை. கணக்கப்பிள்ளை வீட்டில் திறந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் மூடியிருக்கிறார்கள்.

"மலைக்காய்ச்சல்தான். ஒட்டாது" என்றார் கம்பவுண்டர். "கொய்னா மருந்து கொடுக்கேன். ஆனா யாருன்னு எழுதணும். வெளியாளுன்னு எழுதினா இன்னைக்கே எல்லை தாண்டணும். பீர்மேட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியில போட்டு அனுப்பினா..." மீதியைச் சொல்லாமல் அவளைப் பார்த்தார். அந்த உடம்பு வண்டியைத் தாங்காது என்று எங்களுக்கே தெரிந்தது.

ரிஜிஸ்டரில் பெயர், வயது, ஊர், உறவு என்று நாலு கட்டம். அந்நியர் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. என் கணவர் பேனாவை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'சகோதரி' என்று எழுதினார். வாழ்நாளில் பொய் எழுதாத மனிதர்.

"கிறிஸ்தவ முறையில சகோதரிதான" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவங்க இந்துவா இருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "ஆதாம் முறையில" என்றார்.

அவள் இந்துதான். பெயர் கல்யாணி. மீனச்சில் பக்கம் ஊர். அண்ணன் ஏலக்காட்டில் மரம் அறுக்கிற வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. தாய் சாகக் கிடக்கிறாள், மகனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். தேடிப் போக வேறு ஆள் இல்லாததால் இவளே கிளம்பிவிட்டாள். இதெல்லாம் நாணு வாரத்துக்கு இரண்டு தடவை நின்று துண்டு துண்டாக மொழிபெயர்த்தது.

அந்த வாரம் சாலமோன் கங்காணி வந்தார். சபையின் மூப்பரும் அவரே. வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்றே பேசினார்.

"உபதேசியாரே, அந்தப் பொம்பளய அனுப்பிருங்க."

"ஒட்டுத காய்ச்சல் இல்லன்னு கம்பவுண்டர் சொல்லுதாரு."

"அன்னைக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. என் வீட்டுக்காரி ஒரு செம்பு கஞ்சிதான் கொடுத்தா. மூணாம் நாளு அவளக் குழியில வச்சேன். நீங்க அப்ப இங்க இல்ல. இருந்தா இந்தப் பிரசங்கம் பண்ணமாட்டீங்க."

சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பாதிப் பெஞ்சு காலியாக இருந்தது. முந்திய வாரம் அழுத இரண்டு பெண்களும் வரவில்லை.

6

நோயாளியோடு பாஷையும் இல்லாமல் இருப்பது இரட்டை வேலை. முதன்முதல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது அவள் "மதி, மதி" என்றாள். மதி என்று யாரையோ கூப்பிடுகிறாள், பாவம், பிள்ளையாக்கும் என்று நினைத்து, ஆறுதலாக இன்னொரு அகப்பை ஊற்றினேன். மறுபடி "மதி" என்றாள். மறுபடி ஊற்றினேன். போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி என்று பெயர் என்பது அவள் எல்லாவற்றையும் வாந்தி எடுத்த பிறகு நாணு சொல்லித் தெரிந்தது.

கிரேஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பத்து நாளில் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எதில் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். அவளைச் சேச்சி என்று கூப்பிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் ஒன்று முதல் நூறு வரை எண்ணினாள். ஒருநாள் என்னிடமே வந்து "அம்மே, விசக்குந்நு" என்று நின்றாள். பசிக்கிறதாம். தமிழில் பசித்தால் என்ன என்று கேட்டேன். சிரித்தாள்.

அன்று தொடங்கியதுதான். இன்றைக்கு என் மகளுக்கு வயது பதினேழு. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுதினால் ழகரம் மட்டும் சுத்தமாக வருகிறது, மற்றதெல்லாம் ஒரு மாதிரி. ஊருக்கு ஒருமுறை அழைத்துப் போனபோது, "இது யாரு, மலையாளத்துப் பிள்ளையா?" என்று அவள் அத்தையே கேட்டாள். நான் ஓர் அந்நியப் பெண்ணுக்குக் கட்டிலைக் கொடுத்தேன். அவள் போகும்போது என் மகளில் பாதியைக் கொண்டுபோனாள். உபசரிக்கச் சொல்கிற பிரசங்கங்களில் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

அண்ணனைத் தேடித்தர என் கணவர் சர்க்காருக்கு மனு எழுதினார். தமிழில் எழுதியது மலையாளத்தில் வேண்டும் என்று திரும்பியது. நாணுவை வைத்து மலையாளத்தில் எழுதியது, மனு என்று போடாமல் ஹர்ஜி என்று போட வேண்டும் என்று திரும்பியது. ஹர்ஜி என்று போட்டதும், அண்ணன் இப்போது தங்கியிருக்கும் விலாசம் இல்லை என்று திரும்பியது. விலாசம் தெரிந்தால் நாங்கள் ஏன் எழுதுகிறோம் என்று இவர் கேட்டு எழுதியதற்குப் பதில் இன்னும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் என்பது இவ்விடத்து ஆபீசுகளுக்கு அதிகம் இல்லை.

7

மூன்றாம் வாரம் துரை என் கணவரைக் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் மேஜைமேல் திறந்து கிடந்ததாம்.

"இந்தப் பொம்பளை உன் சகோதரியா?"

"இல்லங்க தொர."

"சகோதரின்னு நீதானே எழுதினே?"

"நாந்தான் எழுதினேன். அது பொய். வெளியாளுங்க. மொத நாள் சாயங்காலம் வந்தாங்க, கதவைச் சாத்திட்டோம். மறுநாள் படியில கிடந்தாங்க."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றார் துரை. அதோடு விசாரணை முடிந்தது. சாத்தியது நான். சாத்திட்டோம் என்று இவர் சொன்னது, ரிஜிஸ்டருக்குப் பிறகு அந்த மாதத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய்.

தீர்ப்பு இது: ரிஜிஸ்டரில் பொய் எழுதினவர் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். மேல் டிவிஷனுக்கு மாற வேண்டும். நோயாளி நடக்க முடிகிற அன்றைக்கு எஸ்டேட்டை விட்டுப் போக வேண்டும்.

மேல் டிவிஷன் என்றால் அதே எஸ்டேட்டில் இன்னும் மூன்று மைல் ஏற்றம். அங்கேயுள்ள வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. மரக்கூட்டம் அடர்ந்து, மத்தியானத்திலும் விளக்கு வேண்டும். அந்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறோம்.

மாறுகிற அன்று சாமான் ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. கணக்கப்பிள்ளை கையை விரித்துவிட்டார். பாத்திரங்களை முற்றத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். கல்யாணி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் அவளுக்கு. அப்போது சாலமோன் கங்காணி தன் சொந்த மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கங்காணி, உங்க மனசு..."

"என் மனசு அப்பிடியேதான் இருக்கு" என்றார் அவர். "நீங்க செஞ்சது தப்புன்னுதான் இப்பவும் சொல்லுதேன். அந்தப் பெட்டிய இப்பிடித் தாங்க."

சாமான் எல்லாம் ஏறின பிறகு வண்டியின் பின்பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு கம்பளி. அது அவர் மனைவியின் கம்பளி என்று லயத்துப் பெண்கள் பிறகு சொன்னார்கள். கல்யாணியை ஏறச் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே மாட்டின் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்றார், அவள் ஏறி உட்காரும் வரைக்கும்.

8

அண்ணனைக் கண்டுபிடித்தது சர்க்கார் இல்லை, நாணுதான். தன் வழியில் உள்ள ஒவ்வொரு மரப்பட்டறையிலும் கேட்டிருக்கிறார். மாசி பிறந்ததும் ஒருநாள் அண்ணன் வந்து நின்றான். மலைபோல் ஆள். வலக்கையில் இரண்டு விரல் இல்லை. தங்கையைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு முற்றத்திலேயே குந்திவிட்டான். விரல் போனதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இரண்டு வருஷமாகத் தகவல் சொல்லவில்லையாம்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கல்யாணிக்குத் தலைவாரிப் பின்னினேன். அவளுக்கு எங்கள் பேச்சு பாதி வந்திருந்தது. எனக்கு அவள் பேச்சு கால்வாசி. இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்றதை அன்றைக்கு விட்டால் சொல்ல முடியாது. முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் ஒரு தைரியம்.

"கல்யாணி, நீ மொத நாள் வந்தப்ப கதவைச் சாத்தினது நாந்தான்."

அவள் திரும்பவில்லை. "அறியாம்" என்றாள். தெரியும் என்று அர்த்தம். "இந்தச் சப்தம் தன்னே." இதே குரல்தான் என்கிறாள்.

"நீ பனின்னு சொன்னது எனக்கு விளங்கல. வெளிய பெய்யுத பனின்னு நெனச்சேன்."

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். நாணுவிடம், கம்பவுண்டரிடம், என் கணவரிடம். எல்லாரும் சிரித்து, பாஷை படுத்துகிற பாடு என்று என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் பனிக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று வார்த்தை சொன்னாள் அல்லவா? அதில் ஒன்று ராத்திரி. அது அவர்களுக்கும் ராத்திரிதான், நமக்கும் ராத்திரிதான். ராத்திரி இங்கே படுக்கட்டுமா என்று கேட்கிறாள் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் அவ்வளவு சீக்கிரம் சாத்தினேன்.

"ராத்திரின்னு சொன்னது விளங்கிச்சு" என்றேன். பின்னலை அவிழ்த்து மறுபடி தொடங்கினேன்.

பிறகு அவள் பாஷையிலும் எங்கள் பாஷையிலுமாகக் கலந்து சொன்னாள். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாம் வீட்டில் பார்த்தார்கள், பேசவில்லை. "அம்ம மாத்ரம் எந்தோ பறஞ்ஞு." நீங்கள் மட்டும்தான் ஏதோ சொன்னீர்கள். என்னவென்று அவளுக்கும் விளங்கவில்லையாம். ஆனாலும் பேசுகிற வீடு, விடிந்தால் திறக்கும் என்று நினைத்தாளாம். அதனால்தான் கீழே இறங்கிப் போகாமல் பக்கத்துப் படியிலேயே படுத்தாளாம்.

நான் பின்னி முடித்தேன். அவள் எழுந்து, முண்டை உதறிக் கட்டிக்கொண்டு, கிரேஸின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அண்ணனோடு இறங்கிப் போனாள். தாயை உயிரோடு பார்த்தாள் என்று நாணு பிறகு தகவல் சொன்னார். அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் இல்லை.

9

இதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் ஐயரவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது யார் தட்டினாலும் முதலில் உட்காரச் சொல்கிறேன். பாஷையெல்லாம் பிறகு. இது குணம் இல்லை, பயம். மறுபடி ஒரு வார்த்தையைச் சாக்காகப் பிடித்துக்கொள்வேனோ என்ற பயம். உட்கார வைத்தவர்களில் ஒருவர் எங்கள் குடையைக் கொண்டுபோனார். ஒருவர் மூன்று நாள் தங்கி, என் சமையலில் குறை சொல்லிவிட்டுப் போனார். ஆண்டவர் அந்நியர் வேஷத்தில் வருவார் என்றால், பல வேஷத்தில் பயிற்சி எடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் கிரேஸ் நர்ஸ் வேலை படிக்கக் கிளம்பினாள். மலையை விட்டு இறங்கி, ஒருநாள் முழுக்கப் பிரயாணம். துணைக்குப் போக வேண்டிய அவள் அப்பா கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கொண்டிருந்தார்; பஸ் வரைக்கும் மாட்டு வண்டியில்தான் வந்தார். தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை.

வண்டிப்பெரியாற்றில் பஸ் நின்றது. ஜன்னலோரத்தில் வெள்ளைச் சட்டையும் முண்டும் அணிந்த ஒரு அம்மாள், மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கிரேஸ் ஏறியதும் கூடையை மாற்றி வைத்து இடம் கொடுத்தார். இருவரும் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அந்த அம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். இஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. முகம் நல்ல முகமாக இருந்தது.

"ஆமாம்மா, ஆமா" என்று தலையை ஆட்டினேன்.

கிரேஸ் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை வெளியே நீட்டினாள். "அம்மா, அவங்க என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?"

"என்ன?"

"பஸ் போய்ச் சேர இருட்டிரும். ஆஸ்பத்திரி கேட்டைப் பூட்டிருவாங்க. ராத்திரி இவளை எங்க வீட்டுல படுக்க வச்சுக்கிடட்டுமா, காலையில நானே கொண்டுபோய் விடுதேன்னு கேட்டாங்க. நீங்க சரின்னு சொல்லிட்டீங்க."

பஸ் புறப்பட்டது. நானும் என் கணவரும் ரோட்டில் நின்றோம்.

"யாரு அந்தம்மா?" என்று அவர் கேட்டார்.

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாதுங்க."

அவர் எதையும் திருத்தவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னலில் இரண்டு கைகள் ஆடின. இரண்டுக்கும் சேர்த்து நான் கையை ஆட்டினேன்.